மவுன்ட்–பூந்தமல்லி சாலையில் ஒரு வேற்றுலகம்

அறிவியல் புனைகதையையும் மாயாஜாலக் கதையையும் நேசிப்பவர்கள் ஓரிடத்தில் கூடி, இரண்டு மூன்று நாட்கள் அதைப் பற்றியே பேசி, புத்தகம் வாங்கி, படம் வரைபவரைச் சந்தித்து, பிடித்த பாத்திரமாக வேடமிட்டு உலவுவதே ரசிகர் மாநாடு. இலக்கிய விழாவில் எழுத்தாளர் மேடையில் இருப்பார், வாசகர் நாற்காலியில் இருப்பார். ரசிகர் மாநாட்டில் அந்த ஏற்பாடு கலைந்துவிடும். வரைந்தவரும் வாசித்தவரும் ஒரே மேசையின் இரு பக்கம் நின்று கால் மணி நேரம் பேசிக்கொள்வார்கள். அங்கே நடப்பதில் பாதிக்கு மேல் வந்தவர்கள் தங்கள் கையால் செய்துகொண்டு வந்ததுதான்.

இதன் தொடக்கம் மிகச் சிறியது. 1937ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பிரம்மஞான சபையின் கூடத்தில் சில இளைஞர்கள் கூடினார்கள். அடையாறில் தலைமையகம் கொண்ட அதே சபைதான். வந்தவர்கள் இருபது பேர் அளவில் இருக்கலாம். அவர்களில் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க், அப்போது அவருக்கு வயது 19. பின்னாளில் இலங்கையில் குடியேறி, 2008 மார்ச்சில் கொழும்பில் மறையும் வரை அங்கேயே வாழ்ந்த கிளார்க், 1956இல் நியூயார்க்கில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் சிறப்பு விருந்தினராக அமர்ந்தார். பார்வையாளராக வந்த பையன் விருந்தினராகத் திரும்பி வருவது இந்த மாநாடுகளின் வரலாறு முழுக்க நடந்திருக்கிறது.

உலக மாநாடு தொடங்கியது 1939 ஜூலையில், நியூயார்க்கில். ஏறக்குறைய 200 பேர் வந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஃபாரஸ்ட் ஆக்கர்மன், மர்ட்டில் டக்ளஸ் என்ற இரு ரசிகர்கள் எதிர்கால மனிதர்களைப் போல உடையணிந்து வந்தார்கள். இரண்டு உடைகளையும் தைத்தவர் டக்ளஸ். இன்று உலகெங்கும் காஸ்ப்ளே என்று அழைக்கப்படும் வேடக்கலைக்கு அந்த இரண்டு உடைகளே முன்னோடி. பல காலம் ஆக்கர்மனின் பெயர் மட்டும் முன்னே நின்றது. ஊசியும் நூலும் பிடித்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை உலக மாநாடு நடக்கவில்லை. 1953இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது தொடங்கியது. அந்த விருதுக்கு நடுவர் குழு கிடையாது. மாநாட்டில் உறுப்பினராகச் சேர்ந்தவர்களே வாக்களிக்கிறார்கள். அடுத்த மாநாடு எந்த ஊரில் என்பதையும் வாக்கெடுத்தே முடிவு செய்கிறார்கள். நடத்துபவர்கள் அனைவரும் ஊதியமில்லாத தொண்டர்கள். இந்த மரபுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மரபும் வளர்ந்தது. 1970 ஆகஸ்டில் சான் டியாகோவில் ஏறக்குறைய 300 பேருடன் நடந்த காமிக்ஸ் ரசிகர் சந்திப்பு, இன்று ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் திரளும் காமிக் கானாக நிற்கிறது. சினிமா நிறுவனங்கள் தங்கள் அடுத்த படத்தை அறிவிக்கும் மேடையும் அதுவே. முதல் வகையில் உறுப்பினர். இரண்டாவது வகையில் நுழைவுச்சீட்டு வாங்கிய பார்வையாளர். சென்னைக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது வகை.

சென்னை வந்த காமிக் கான்

இந்தியாவின் முதல் காமிக் கான் 2011 பிப்ரவரியில் தில்லி ஹாட் வளாகத்தில் நடந்தது. ஜதின் வர்மா தொடங்கிய காமிக் கான் இந்தியா நிறுவனம் அதை நடத்தியது. பிறகு மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் என்று பட்டியல் நீண்டது. சென்னை ரசிகர்கள் பல ஆண்டுகள் ரயிலேறி பெங்களூரு போய் வந்தார்கள். 2024 ஜனவரியில் நாட்வின் கேமிங் நிறுவனம் 55 கோடி ரூபாய்க்கு காமிக் கான் இந்தியாவை வாங்குவதாக அறிவித்தது. அதற்கு அடுத்த மாதம், பிப்ரவரி 17, 18 தேதிகளில், நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையத்தில் நகரின் முதல் காமிக் கான் நடந்தது. 2025 பிப்ரவரி 8, 9 தேதிகளில் அதே இடத்தில் இரண்டாவது.

தமிழில் வாசிக்கும், பார்க்கும் கூட்டம் அதற்குள் தானாகவே உருவாகியிருந்தது. 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் ஜாக்கி சான் தொடரைத் தமிழில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அடுத்த தலைமுறைக்கு ஜப்பானிய அனிமே தமிழ்க் குரலிலேயே கிடைக்கிறது. 2015இல் ‘இன்று நேற்று நாளை’யின் காலப் பயணத்தையும், 2021இல் ‘மாநாடு’ படத்தின் காலச் சுழலையும் எந்த விளக்கமும் கேட்காமல் புரிந்துகொண்ட பார்வையாளர்கள் இவர்கள். ஒரு மாநாட்டுக்கு முதலில் வேண்டியது இப்படிப்பட்ட ஆட்கள். அரங்கமும் மேடையும் அதற்குப் பிறகுதான்.

மேற்குப் புறநகருக்கு இந்த இடத்தேர்வு வசதியானது. வர்த்தக மையம் நிற்பது மவுன்ட்–பூந்தமல்லி சாலையில். பூந்தமல்லியில் பேருந்து ஏறினால் காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர், முகலிவாக்கம் தாண்டி ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் வாசலில் இறங்கலாம். அம்பத்தூர்க்காரர்கள் திருமங்கலம் வரை பேருந்தில் வந்து, அங்கே மெட்ரோவைப் பிடித்து ஆலந்தூரில் இறங்கி, ஆட்டோவில் நந்தம்பாக்கம் போகலாம். ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து மெட்ரோவுக்கு மாறுவது சுற்றுவழிதான். ஆனாலும் போரூர் சிக்னலில் நிற்கும் நேரத்தைக் கணக்கிட்டால் அதில் ஒன்றும் நஷ்டமில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் வர்த்தக மையம் வழியாகவும், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடம் போரூர் வழியாகவும் திட்டமிடப்பட்டுள்ளன. இரண்டும் முழுமையாக ஓடத் தொடங்கினால் இந்தப் பயணத்தின் சிரமம் பெரிதும் குறையும்.

பயணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்தடிச் சிறகோடு மாநகரப் பேருந்தில் ஏற முடியாது. அனுபவப்பட்டவர்கள் உடையைப் பிரித்து மாட்டும்படி செய்கிறார்கள். தோள் கவசம் தனியாக, மார்புக் கவசம் தனியாக, சிறகு மூன்று துண்டாக ஒரு பெரிய பையில் அடங்கிவிடும். மாநாட்டு வளாகத்தில் உடை மாற்றிக்கொள்வதே பெரும்பாலோர் வழக்கம். கூட்டாகச் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டு வரும் நண்பர் குழுக்களும் உண்டு.

அரங்குக்குள்

முதல் முறை போகிறவரைத் திகைக்க வைப்பது சத்தம். பெரிய மேடையில் இசையும் அறிவிப்பும் நிற்காது. ஒரு பக்கம் விளையாட்டுக் கணினிகள், இன்னொரு பக்கம் பெரிய நிறுவனங்களின் கண்ணைப் பறிக்கும் அரங்குகள், பொம்மைகளும் சட்டைகளும் விற்கும் கடைகள். நுழைவுச்சீட்டோடு ஒரு காமிக்ஸ் பிரதியும் கையில் வந்துவிடும். அங்கேயே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் ஏராளம். அவர்கள் தவறவிடுவது ஓவியர்கள் உட்காரும் வரிசையை.

அந்த வரிசையில் மேசைகள் சிறியவை. ஒருவர் தானே எழுதி, தானே வரைந்து, தானே அச்சிட்ட காமிக்ஸ் புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பார். புத்தகத்தைப் புரட்டிவிட்டு வாங்காமல் வைத்தாலும் முகம் சுளிக்க மாட்டார். வாங்கினால் முதல் பக்கத்தில் கையெழுத்தோடு ஒரு சின்னப் படமும் வரைந்து தருவார். பேனா எந்த இடத்தில் தயங்குகிறது, எந்தக் கோட்டை ஒரே இழுப்பில் போடுகிறார் என்பதை ஒரு பத்து வயதுக் குழந்தை மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு பார்க்க முடிகிற இடம் அது. மாநாட்டுக்குப் போகிறவர் பணத்தையும் நேரத்தையும் முதலில் செலவிட வேண்டியது இங்கே.

கூட்டம் குறைவான நேரம் காலை. மாலை ஆக ஆக மேடை முன் நிற்க இடம் கிடைக்காது. உள்ளே உணவு விலை அதிகம். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். சிறு குழந்தைகளோடு வருகிறவர்கள் முதலிலேயே ஓரிடத்தைச் சந்திப்பு இடமாகச் சொல்லி வைப்பது நல்லது. அந்த இரைச்சலில் கைப்பேசி மணி காதில் விழாது.

வேடமிட்டவரைப் படம் எடுக்கும் முன் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். உடையையும் கவசத்தையும் தொடக் கூடாது. ‘வேடம் போட்டால் அது சம்மதம் ஆகாது’ என்ற விதியை உலகெங்கும் மாநாடுகள் வாசலிலேயே எழுதி வைக்கத் தொடங்கியதற்குப் பின்னால் பெண் ரசிகர்கள் பட்ட துன்பம் இருக்கிறது. உண்மையான ஆயுதங்களுக்கு அனுமதியில்லை. வாளும் துப்பாக்கியும் ஃபோமிலோ அட்டையிலோ இருந்தாலும் வாசலில் சோதித்துத்தான் விடுவார்கள்.

கவசம் பிறக்கும் இடம்

காஸ்ப்ளே போட்டி இரண்டு நாளும் உண்டு. காமிக்ஸ், அனிமேஷன், அனிமே, அறிவியல் புனைவும் மாயாஜாலமும், வீடியோ கேம் எனப் பிரிவுகள். ஆனால் மேடையில் சில நிமிடங்கள் தெரியும் அந்த உடைக்குப் பின்னால் மாதக்கணக்கில் இரவு வேலை இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிக்கு இந்தக் கலை அந்நியமாக இருக்கக் காரணமே இல்லை. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்தும், வெல்டிங்கும், ஃபேப்ரிகேஷனும் தெருவுக்குத் தெரு. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி இருக்கிறது. சினிமா செட் போடுகிறவர்களுக்கு ஃபைபரில் அச்செடுப்பது அன்றாட வேலை. அளந்து வெட்டவும், பொருத்தவும், பெயின்ட் அடிக்கவும் தெரிந்த கைகள் நிறைந்த பகுதி இது. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களின் பிள்ளைகள்தான் இப்போது யூடியூப் பார்த்துக் கவசம் செய்கிறார்கள்.

கவசத்தின் அடிப்படைப் பொருள் ஈ.வி.ஏ. ஃபோம். குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்துப் போடும் மெத்தைப் பாய் இதே பொருள்தான். முதலில் உடம்புக்கு அளவு எடுக்க வேண்டும். பழைய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் பிளாஸ்டிக் உறையை இறுக்கிச் சுற்றி, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டுகிறார்கள். கவசத்தின் விளிம்புகள் எங்கே வர வேண்டுமோ அங்கே பேனாவால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே கத்தரித்து எடுக்கிறார்கள். வளைவான உடம்பு இப்போது தட்டையான துண்டுகளாகிவிட்டது. அதை அட்டையில் படி எடுத்தால் அதுதான் பேட்டர்ன். தையற்காரர் ரவிக்கைக்குத் துணி வெட்டும்போது போடும் கணக்கும் இதேதான்.

ஃபோமை வெட்டக் கத்தி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி விளிம்பைப் பிய்த்துவிடும். நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டினால் இரண்டு துண்டும் சேருமிடத்தில் மூலை பிடிக்கும். பிறகு ஹீட் கன். சூடு பட்டதும் ஃபோமின் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய துளைகள் மூடி, மேல் பகுதி லேசாகப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு வந்தவுடன் முழங்காலிலோ பானையின் மேலோ வைத்து வளைத்து, ஆறும் வரை பிடித்திருக்க வேண்டும். அதிகம் சுட்டால் கருகிச் சுருங்கும். ஒட்டுவதற்கு, தச்சர்கள் சன்மைக்கா ஒட்டப் பயன்படுத்தும் ரப்பர் பசை. இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருந்து, ஒரே தடவையில் சரியாக வைத்து அழுத்த வேண்டும். வைத்தபின் நகர்த்த முடியாது. இந்தப் பசையின் வாடை தலைசுற்ற வைக்கும், நெருப்பும் பிடிக்கும். மொட்டை மாடியிலோ திறந்த ஜன்னல் பக்கத்திலோதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

பெயின்ட் நேராக ஃபோமில் நிற்காது. வெள்ளை ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து மூன்று நான்கு பூச்சு கொடுத்துத் துளைகளை அடைத்தபின், முதலில் கறுப்பு. அதன் மேல் வெள்ளி நிறத்தைத் தூரிகையில் தொட்டு, பெரும்பகுதியைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, மேடான இடங்களில் மட்டும் உரசினால் பழைய இரும்பின் தோற்றம் வந்துவிடும். போரில் அடிபட்ட கவசமாகத் தெரிய வேண்டுமானால் விளிம்புகளைக் கத்தியால் கீறியபின் இந்த உரசல்.

துணிக்குப் பாரிமுனையின் கோடவுன் தெரு. எல்.ஈ.டி., பேட்டரி, ஒயர், சின்ன மோட்டார் எல்லாவற்றுக்கும் ரிச்சி ஸ்ட்ரீட். சென்னையில் கவசம் செய்பவர் வெளிச்சத்துக்கு முன்னால் காற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். பிப்ரவரிப் பகலிலேயே வெயில் முப்பது டிகிரியைத் தொட்டுவிடும். ஃபோம் காற்றை விடாது. தலைக்கவசத்துக்குள் கணினியில் இருக்கும் சிறிய விசிறி ஒன்றைப் பொருத்தி, இடுப்பில் பவர் பேங்க் வைத்து ஓட்டுபவர்கள் பல மணி நேரம் தாங்குகிறார்கள். அது இல்லாதவர்கள் மதியத்துக்குள் தலைக்கவசத்தைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.

தமிழ் வாசகரின் மேசை

தமிழுக்கு இந்த உலகம் 2024இல் திடீரென்று வந்து சேரவில்லை. 1963இல் ‘கலை அரசி’ படத்தில் வேற்றுக்கிரகத்தவர் வந்து கதாநாயகியைத் தூக்கிப் போனார்கள். 1972இல் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் புத்தகம் ‘இரும்புக்கை மாயாவி’. ஆய்வுக்கூட விபத்தில் சிக்கியவன், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் மனிதனாகிறான். 1962இல் பிரிட்டனில் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய அந்தக் கதை, பிறந்த நாட்டில் மறக்கப்பட்ட பிறகும் தமிழில் மறுபதிப்பு கண்டுகொண்டே இருக்கிறது. 1984இல் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அந்த வாசகர்கள் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி ஆகஸ்டில் கூடுவது வழக்கமாகிவிட்டது. ஆசிரியரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து, எந்தத் தொடர் வேண்டும், எது வேண்டாம், மொழிபெயர்ப்பில் எங்கே இடறியது என்று நரைத்த தலைகளும் கல்லூரிப் பையன்களும் ஒன்றாக வாதாடுகிறார்கள். மேடை வெளிச்சமும் போட்டிகளும் இல்லாத இந்தச் சந்திப்பே, லீட்ஸில் தொடங்கிய மரபுக்கு நந்தம்பாக்கத்தைவிட நெருக்கமானது.

எழுத்தில் சுஜாதா. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த அவர், ‘ஆனந்த விகட’னில் ‘என் இனிய இயந்திரா’ தொடரை எழுதியபோது, ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி தமிழ் வீடுகளில் வளர்ந்தது. ‘எந்திரன்’ வசனத்திலும் அவர் பங்கு உண்டு. 2010இல் படம் வெளியானபோது அவர் இல்லை. 2008 பிப்ரவரி 27இல் சுஜாதாவும், மூன்று வாரம் கழித்து கிளார்க்கும் மறைந்தார்கள். ஜெயமோகனின் ‘விசும்பு’ போன்ற தொகுப்புகள் அந்த வரிசையை வேறு திசையில் நீட்டின. ஆய்வுத் தளத்தில், 1998இல் வேலூரில் தொடங்கிய அறிவியல் புனைகதை ஆய்வுக்கான இந்திய அமைப்பு மாநாடுகள் நடத்தி வந்திருக்கிறது. அவை பேராசிரியர்களும் மாணவர்களும் கட்டுரை வாசிக்கும் மாநாடுகள்.

ஆக, வாசகர் ஈரோட்டில், ஆய்வாளர் வேலூரில், வேடமிடுபவர் நந்தம்பாக்கத்தில் என்று மூன்று கூட்டங்கள் தனித்தனியே நடக்கின்றன. இந்தப் பிரிவு நல்லதல்ல. நந்தம்பாக்கம் மேடையில் ஏறும் இளைஞர்களுக்கு ஜப்பானிய, அமெரிக்கப் பாத்திரங்கள் நூற்றுக்கணக்கில் தெரியும். அவர்களது தந்தையர் தலைமுறை விழுந்து விழுந்து படித்த இரும்புக்கையைச் செய்ய ஒரே ஒரு கையுறை, கொஞ்சம் ஃபோம், வெள்ளிப் பூச்சு போதும். ஜீனோவைச் செய்ய அட்டைப் பெட்டியும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சிறு மோட்டாரும், குரலுக்கு ஒரு ஸ்பீக்கரும் போதும். முதல் முறை வேடமிடுகிறவருக்கு இவை இரண்டையும்விடச் சிக்கனமான தொடக்கம் கிடைப்பது கடினம்.

மாநாட்டைத் தொண்டர்களே நடத்தும் மரபுக்குப் பெரிய அரங்கம் தேவையில்லை. விடுமுறை நாளில் ஒரு கிளை நூலகத்தின் வாசிப்புக் கூடமோ, பள்ளி ஒன்றின் வகுப்பறையோ போதும். ஒரு மேசையில் பழைய முத்து, லயன் இதழ்கள், இன்னொன்றில் சுஜாதா, வரையத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தாளும் பென்சிலும், ஃபோம் வெட்டக் கற்றுக்கொடுக்க ஒருவர். காலையில் ஒரு கதையை முன்வைத்து விவாதம், மதியம் செய்முறை, மாலையில் வேட அணிவகுப்பு என்று ஒரே நாளில் முடித்துவிடலாம். செலவு தேநீருக்கும் நாற்காலி வாடகைக்கும்தான். ஆவடியிலோ அம்பத்தூரிலோ இப்படி ஒன்றை நடத்த விரும்புகிறவர்கள், காமிக் கானும் சென்னை புத்தகக் காட்சியும் நடக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களையும், ஈரோட்டுச் சந்திப்பு வரும் ஆகஸ்டையும் விட்டுவிட்டு, பள்ளித் தேர்வுகள் முடிந்த மே மாதத்தையோ காலாண்டு விடுமுறையையோ தேர்ந்தெடுப்பது நல்லது. மே என்றால் ஃபோம் கவசத்தைத் தவிர்த்துவிட்டுத் துணி வேடங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.